திண்ணைக் கணக்கும் தேர்வாணையமும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று எங்கள் தாத்தாவைக் கேட்டால் அவர் சென்னையைச் சொல்லமாட்டார், தில்லியையும் சொல்லமாட்டார். "கணக்குப்பிள்ளை ஊட்டுத் திண்ணையில இருந்துச்சு கண்ணு" என்பார். ஊத்துக்குளிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணற்றில் பங்கும் உடைய உழவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் வலிமை என்ன என்பதை எங்கள் வீட்டில் அவரைப் போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்று வாங்கச் சென்ற அன்று இந்தக் கட்டுரை என் உள்ளத்தில் தோன்றியது. தாத்தாவும் என்னுடன் வந்தார். கிராம நிர்வாக அலுவலகத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே செல்லாமல் நின்றுவிட்டார். உள்ளே நாற்காலியில் இருந்தவர் ஓர் இளம்பெண். தென்மாவட்டம் ஒன்றிலிருந்து தேர்வெழுதி வந்தவர். "உள்ளே வந்து உட்காருங்க, ஐயா" என்று அவர் அழைத்தபோது தாத்தா என் முகத்தைப் பார்த்தார். அவருடைய எண்பது ஆண்டு வாழ்வில் அரசு அலுவலர் ஒருவர் அவரை 'ஐயா' என்று அழைத்தது அதுவே முதல் முறையாம். வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தத் திண்ணைக்கும் இந்த நாற்காலிக்கும் இடையே என்ன நடந்தது? அதை அறிந்துகொள்ள முயன்றதன் பயனே இக்கட்டுரை.

ஊர்க் கணக்கு என்பது யாது?

பழைய நாளில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் அரசின் ஆட்களாக இருந்தவர்கள் மணியகாரரும் கணக்குப்பிள்ளையும். கணக்குப்பிள்ளையைக் கர்ணம் என்றும் சொல்வர். மணியகாரர் நிலவரி வசூலிப்பார். ஊரின் ஒழுங்குக்கும் பொறுப்பானவர். கர்ணம் நிலக்கணக்கை எழுதுவார். இவர்களுக்குத் துணையாகத் தலையாரியும் வெட்டியானும் இருந்தனர்.

இவர்கள் எழுதிய கணக்குகளில் இரண்டை மட்டும் இங்கே விளக்கினால் போதும். ஒன்று சிட்டா. ஊரில் யாருக்கு எந்தப் புல எண்ணில் எவ்வளவு நிலம் உண்டு என்பதைக் காட்டுவது அது. மற்றொன்று அடங்கல். ஒவ்வொரு பசலி ஆண்டிலும், அதாவது ஜூலை முதல் நாள் தொடங்கும் வருவாய் ஆண்டில், எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில் விளைகிறது என்பதைக் காட்டுவது அது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், கிணற்றுக்கு மின் இணைப்புக் கேட்டாலும், வறட்சி நிவாரணம் கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது இவைதாம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டாட்சி அலுவலகத்தில் இக்கணக்குகளைச் சரிபார்க்கும் நிகழ்ச்சியே ஜமாபந்தி.

ஆகவே ஓர் உழவனின் நிலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வரப்புக்குள், மற்றொன்று ஏட்டுக்குள். ஏட்டில் இல்லாத நிலத்தை உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். ஆனால் அதை நம்பி ஒரு காசு கடன் வாங்க முடியாது.

எங்கள் வீட்டில் நடந்தது

1970களின் நடுவில் தாத்தாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பாகப்பிரிவினை ஆயிற்று. பத்திரமும் பதிவாயிற்று. ஆனால் ஊர்க்கணக்கில் தாத்தாவின் பெயர் ஏறவில்லை. அந்நாளில் இருந்த கணக்கரிடம் தாத்தா நடக்கத் தொடங்கினார். அவர் பெயரையும் ஊரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை; அவரும் இன்று இல்லை. வெறுங்கையோடு போகக்கூடாது என்பது வழக்கம். ஊத்துக்குளி என்றால் வெண்ணெய்தானே? எங்கள் பாட்டி எருமைத் தயிரைக் கடைந்து எடுத்த வெண்ணெயைச் சந்தைக்கு அனுப்பாமல் அந்தத் திண்ணைக்கு அனுப்பினார். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதே விடை. மூன்றாண்டுகள் அவ்வாறு கழிந்தன.

அதற்குள் கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. ஆழப்படுத்தக் கடன் கேட்டால் அடங்கலில் பெயர் இல்லை. எருமைகள் ஒவ்வொன்றாக விலையாயின. சில ஆண்டுகள் சென்று, புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் பத்திரத்தைப் பார்த்தார். நிலத்தையும் நேரில் வந்து பார்த்தார். ஜமாபந்தியில் வைத்துப் பெயரைத் திருத்திக் கொடுத்தார். அதற்கு அவர் எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. வறண்ட கிணற்றுக்குப் பெயர் கிடைத்து என்ன பயன்? என் தந்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் 'கைமடி' வேலைக்குச் சென்றார். இன்று அங்கேயே தையல் பிரிவில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஒரு பெயர் உரிய காலத்தில் எழுதப்பட்டிருந்தால் அந்த முதல் ஆள் என் தந்தையாக இருந்திருக்கக் கூடும் என்று நான் எண்ணுவதுண்டு.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. தாத்தா அந்தக் கணக்கரைத் திட்டுவதில்லை. "ஊருல ஒவ்வொரு வரப்பும் அவருக்குத் தெரியும். எங்கம்மா செத்தப்ப ராத்திரியே வந்து நின்னாரு. கெட்டவரு இல்ல கண்ணு, அவருக்கு மேல ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்கிறார். நான் படித்த நூல்களைக் காட்டிலும் தெளிவாக இச்சொல் சிக்கலை விளக்குகிறது. குற்றம் ஆளிடம் மட்டும் இல்லை. அவரை அங்கே வைத்த முறையிலும் இருந்தது.

பரம்பரை முறையும் அதன் முடிவும்

அந்த முறை என்ன? 1895ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகளுக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. பதவியில் இருந்தவர் மறைந்தால் அவருடைய வாரிசுக்கு அப்பதவி போகும். தந்தையின் நிலம் மகனுக்குப் போவது போல ஊரின் கணக்கும் மகனுக்குப் போயிற்று. ஏடுகள் அவர்கள் வீட்டிலேயே இருந்தன. ஊதியமோ மிகச் சிறிது, பகுதிநேர வேலை. சிறிய ஊதியத்தையும் பெரிய அதிகாரத்தையும் ஒருவர் கையில் சேர்த்துக் கொடுத்தால் என்ன விளையும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நாடு விடுதலை பெற்று அரசியலமைப்பு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, அரசுப் பணியில் எல்லாக் குடிமக்களுக்கும் சம வாய்ப்பு உண்டு என்கிறது. சாதி, மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றோடு 'வழிவழி வந்த மரபு' என்பதையும் காரணமாகக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. இச்சொல்லைப் பற்றிக்கொண்டு உச்சநீதிமன்றம் வரை சென்றவர் ஆந்திரத்தைச் சேர்ந்த கசுலா தசரதராம ராவ் என்பவர். ஓர் ஊரின் கிராம முன்சீப் பதவியை, முன்னவரின் மகன் என்ற முறையில் மற்றொருவருக்குக் கொடுத்ததை எதிர்த்து அவர் வழக்காடினார். கிராம முன்சீப் பதவியும் அரசின் கீழுள்ள பதவியே. அதைப் பிறப்பின் அடிப்படையில் தருவது அரசியலமைப்புக்கு முரண் என்று 1960ஆம் ஆண்டின் இறுதியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தவுடன் திண்ணை மாறிவிடவில்லை. தமிழ்நாட்டில் 1970இல் கிராம அலுவலர்களுக்குப் புதிய பணிவிதிகள் வகுக்கப்பட்டன. 1973இல் நிர்வாகச் சீர்திருத்தக் குழு, பகுதிநேர அலுவலர்களுக்கு மாற்றாக முழுநேர, இடமாற்றத்துக்கு உட்பட்ட அலுவலர்களை வைக்கப் பரிந்துரை செய்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1980ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவசரச் சட்டம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1981இல் அது முழுச் சட்டமாயிற்று. பதவி இழந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1982இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. கர்ணமும் மணியகாரரும் போய், 'கிராம நிர்வாக அலுவலர்' என்னும் புதிய பெயர் ஊருக்குள் வந்தது. அவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

தேர்வாணையத்தின் வரலாறு

இந்த ஆணையத்தைப் பற்றி நாம் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. இந்தியாவின் மாகாணங்களில் இத்தகைய ஆணையத்தை முதன்முதலில் சட்டமியற்றி அமைத்தது சென்னை மாகாணமே. 1924இல் பணியாளர் தெரிவு வாரியம் ஒன்று இருந்தது. 1929இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையச் சட்டம் நிறைவேறியது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியபின் 1970இல் ஆணையமும் இன்றைய பெயரைப் பெற்றது.

அரசியலமைப்பின் 315 முதல் 323 வரையுள்ள பிரிவுகள் இத்தகைய ஆணையங்களைப் பற்றியன. மாநில ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் ஆளுநர் நியமிப்பார். ஆனால் அவர்களை விலக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. குடியரசுத் தலைவருக்கே உண்டு. தவறான நடத்தை என்ற குற்றச்சாட்டாயின் உச்சநீதிமன்றம் விசாரித்துச் சொன்ன பின்னரே விலக்க முடியும். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் அல்லது 62 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. நியமிப்பவர் கை வேறு, விலக்குபவர் கை வேறு என்று பிரித்து வைத்திருப்பதன் நோக்கம், ஆட்சியில் இருப்போரின் முகம் பார்த்து ஆட்களை எடுக்காதிருப்பதே ஆகும்.

கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு முன்பு தனித் தேர்வு இருந்தது. 2018 பிப்ரவரியில் நடந்த தேர்விலிருந்து அது தொகுதி 4 தேர்வோடு இணைக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றுள் 100 வினாக்கள் தமிழ். தமிழில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்ற விடைகள் திருத்தப்படுவதில்லை. நேர்முகத் தேர்வு கிடையாது. 'யாருடைய மகன்?' என்ற வினாவைக் கேட்க அங்கே ஆளே இல்லை. இட ஒதுக்கீட்டு முறைப்படி பிற்படுத்தப்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடங்கள் உண்டு. பெண்களுக்கு 30 விழுக்காடும், தமிழ் வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடும் உண்டு. ஒருகாலத்தில் திண்ணையின் கீழே நின்றவர்களின் மக்கள் அதே ஏட்டை எழுத வந்தது இவ்வழியால்தான்.

பிற நாடுகளில்

தகுதி பார்த்து ஆள் எடுப்பது புதிய கருத்தன்று. வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களையே இதற்கு ஒதுக்கியுள்ளார். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் செய்து வாரியங்களை அமைத்தனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பதவிக்கு வர முடியாது. இவ்விதி இன்றும் பொருந்துவது. ஆயினும் சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்ததால் உழுது உழைத்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்க முடியாது. இதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில், தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசுப் பதவிகளை வாரி வழங்குவது வழக்கமாக இருந்தது. 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டை, பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் சுட்டான். அவர் அதே ஆண்டு செப்டம்பரில் உயிர் நீத்தார். அதன்பின் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, மத்திய அரசுப் பணிகளில் தேர்வு முறைக்கு வழி வகுத்தது. உள்ளூர் ஆட்சிகளில் இம்மாற்றம் பல இடங்களில் மக்கள் வாக்களிப்பால் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. அங்கே 1912 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒரு சாசனத்தை ஏற்றனர். 1913இல் நடைமுறைக்கு வந்த அச்சாசனம், கவுண்டிப் பணியாளர்களைத் தகுதித் தேர்வு வழியே எடுக்கும் முறையையும் உள்ளடக்கியது. நம் நாட்டில் வழக்கு மன்றமும் சட்டமன்றமும் செய்த வேலையை அங்கே வாக்குச்சீட்டு செய்தது.

தேர்வுக்கும் குறை உண்டு

தேர்வு முறை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் நடந்த தொகுதி 4 தேர்வுக்கு 7,301 இடங்கள் என முதலில் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களோ ஏறத்தாழ 22 லட்சம் பேர். பின்னர் இடங்கள் பத்தாயிரத்துக்கு மேல் உயர்ந்தன என்றாலும் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்பினர். பணம் கட்டிப் பயிற்சி நிலையம் செல்ல வசதியுள்ளவருக்கும், பனியன் கம்பெனியில் இரவு 'ஷிப்ட்' முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பவருக்கும் ஒரே வினாத்தாள்தான். ஆனால் ஒரே ஆயத்தம் அன்று.

மோசடியும் நடந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த தொகுதி 4 தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலரின் விடைத்தாள்களில் சிறிது நேரத்தில் மறையும் மை பயன்படுத்தப்பட்டது 2020 ஜனவரியில் வெளியாயிற்று. 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டனர். நேர்மையாகப் படித்த எத்தனை பேர் அதைக் கேட்டு மனம் சோர்ந்திருப்பர்!

இங்கே என் பாடத்திலிருந்து ஓர் உவமை சொல்ல விரும்புகிறேன். ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது சுழிப்பிழை. பிழையுள்ள கருவியைத் தூக்கி எறிவதில்லை. பிழை எவ்வளவு என்று கண்டு, திருத்தம் செய்து அளக்கிறோம். ஆனால் அளவு கோடுகளே இல்லாத கருவியில் பிழையைக் காண்பது எப்படி? பரம்பரைத் திண்ணை அத்தகைய கருவி. மூன்றாண்டு வெண்ணெய் கொண்டுசென்றும் தாத்தாவால் தவறு எங்கே என்று யாருக்கும் காட்ட முடியவில்லை. தேர்வு முறையில் தவறு நடந்தால் விடைத்தாள் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, வழக்குத் தொடுக்க இடம் இருக்கிறது. 2019இன் மோசடி வெளிவந்ததும் அதனால்தான்.

மற்றொரு குறையும் சொல்லப்படுகிறது. வெளியூரிலிருந்து வரும் அலுவலருக்கு ஊர் தெரியாது, வரப்பு தெரியாது, சிலர் ஊரில் தங்குவதும் இல்லை என்பர். இது உண்மையே. ஆனால் வரப்பை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். யாருக்கும் உறவினர் அல்லாதிருப்பதைக் கற்க முடியாது. அது வெளியிலிருந்து வருபவருக்கே வாய்க்கும்.

இன்னும் செய்ய வேண்டுவது

வருவாய்த் துறையின் திண்ணை மாறிவிட்டது. ஊரில் வேறு பணிகளும் இருக்கின்றன. ஊராட்சிச் செயலர், குடிநீர்த் தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் தேர்வாணையத்தின் வழியே வருவதில்லை. நமக்கு நாள்தோறும் தண்ணீர் திறந்துவிடுபவரும் தெரு விளக்குக்குப் பதில் சொல்பவரும் இவர்கள்தாம். குப்பை அள்ளுபவருக்கு 200 வினாத் தேர்வு வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது அநீதியாகும். ஆனால் காலியிடம் இருப்பதை எல்லாரும் அறிய அறிவித்தல், தகுதியை முன்கூட்டியே எழுதி வைத்தல், தேர்ந்தெடுத்த காரணத்தைப் பலகையில் ஒட்டுதல் ஆகிய மூன்றும் எந்தப் பணிக்கும் பொருந்தும்.

இதற்கு நம்மிடம் வாக்குச்சீட்டு இல்லை. கிராம சபை இருக்கிறது. குடியரசு நாளும் மே நாளும் விடுதலை நாளும் காந்தி பிறந்த நாளும் அது கூடும் நாள்கள். 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. படித்த இளைஞர்களாகிய நாம் அங்கே போவதில்லை. போனாலும் பின்வரிசையில் நின்று திரும்பிவிடுகிறோம். ஒரு பணிக்கு ஆள் எடுக்கும்போது, எவ்வாறு எடுத்தீர்கள் என்று பணிவாக எழுந்து கேட்க நம்மில் ஒருவர் போதும்.

நண்பர்களே, கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. பட்டப்படிப்புடன் அதற்கும் படித்து வருகிறேன். 22 லட்சம் பேரில் ஒருவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட எனக்குத் தெரியும். கிடைக்காமலும் போகலாம். ஆனால் தோற்றால் என் மதிப்பெண்ணால் தோற்பேன். தந்தை பெயரால் தோற்கமாட்டேன். அன்று அலுவலகத்திலிருந்து திரும்பியதும் தாத்தா பாட்டியிடம் சொன்னது இது: "வெறுங்கையோடதான் போனோம். உக்காரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க." பாட்டி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அந்த மூணு வருசத்து வெண்ணெய்க்கு யாரு கணக்கு வச்சிருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு எந்த அடங்கலிலும் விடை இல்லை. இனி ஒரு வீட்டில் அக்கேள்வி எழாதிருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தேர்வும், அதைக் காக்கும் சட்டமும்.